குடும்பங்களை மட்டும் எண்ணிய ஸ்ரேசன் மாஸ்டர்

நடேசபிள்ளை மாஸ்டர் போய்விட்டார் என்ற செய்தியை எனக்கு ஒருவரும் வாயால் சொல்லவில்லை. எங்கள் முதியோர் கூட்டத்தின் வாட்ஸ்அப்பில் மரண அறிவித்தல் படமாக வந்தது. நான் வேலையில் நின்றேன். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் கையுறையோடு போனைத் தொட முடியாது. இடைவேளையில் கையுறையைக் கழற்றிவிட்டு, பிறந்த ஊர், வாழ்ந்த இடம், மகன், மருமகள் என்று எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் அந்தப் படத்துக்குக் கீழே கும்பிடு கைகள் வரிசையாக வந்து விழுந்துவிட்டன. நீங்கள் எல்லோரும் அனுப்பிய கைகள்தான். யாராவது அந்த மனிதரைப் பற்றி ஒரு வசனமாவது எழுதியிருப்பீர்கள் என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். இல்லை. நான் கை அனுப்பவில்லை. அதற்கு, ‘தவத்துக்கு இன்னும் கோபம் போகேல்லை’ என்று கதைத்தீர்களாம். உண்மைதான், போகவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறோம், இரண்டு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று செயலாளர் சிவகுரு அண்ணை பாபடோயிட்டோயில் இருக்கும் என் வீட்டுக்கே வந்து கேட்டார்.

“என்னட்ட நல்ல வார்த்தை இல்லை, அண்ணை. வேற ஆக்களிட்டக் கேளுங்கோ.”

“மாஸ்டரின்ர மகன்தான் சொல்லுறார். தகப்பன் ஆசுப்பத்திரியில கிடக்கேக்க சொன்னவராம், மலர் அடிச்சால் தவமலரிட்ட எழுதக் குடுங்கோ, அவ ஒருத்திதான் என்னை மூஞ்சைக்கு நேர ஏசுறவ எண்டு.”

“அப்ப ஏசித்தான் எழுதுவன்.”

“ஏசுங்கோ. ஆனா ஒரு பக்கத்துக்குள்ள ஏசுங்கோ.”

இது ஒரு பக்கத்துக்கு மேலே போகும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள், சிவகுரு அண்ணை. சொன்னதைத் திருத்தாதீர்கள்.

மாஸ்டர் இலங்கையில் ரயில் ஸ்ரேசனில் வேலை செய்தவர். கரி இஞ்சின் ஓடிய காலத்தில் சேர்ந்து ஸ்ரேசன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர் என்பதை அவரைச் சந்தித்த எல்லோருக்கும் அவரே சொல்லியிருப்பார். நியூசிலாந்துக்கு, இந்த ஓக்லாந்துக்கு மகனோடு வந்து சேர்ந்தும் அந்த வேலையை அவர் விடவில்லை. எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தைத் தொடங்குவதும் முடிப்பதும், பயணம் போனால் பஸ்ஸில் ஏற்றுவதும் இறக்குவதும் அவர்தான். இந்த மலரில் மற்றவர்கள் அவரை அமைதியானவர், அன்பானவர் என்று எழுதியிருப்பீர்கள். அவர் அமைதியானவர் இல்லை. கரைச்சல் பிடித்த மனிதர். தேத்தண்ணீர் குடித்து முடிக்க முன்னமே கோப்பையைக் கையிலிருந்து வாங்குவார். கேட்டால், “நேரமெண்டா நேரம்” என்பார்.

என் மனுசன் குணரத்தினம் செத்தபோது தகனத்துக்கு எல்லா ஒழுங்கும் செய்தவர் மாஸ்டர். அதற்கு நன்றி சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் இங்கே தகன மண்டபத்தை நேரம் குறித்துத்தான் தருவார்கள். நான் குணத்தின் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. மாஸ்டர் பின்னால் வந்து என் தோளைத் தொட்டார்.

“தங்கச்சி, காணும், கையை எடும். அடுத்த ஆக்கள் வாசல்ல நிக்கினம்.”

அடுத்த வீட்டுக்காரர் வாசலில் நின்றது உண்மை. அதற்கு நான் என்ன செய்ய? என்னை மெதுவாகப் பிடித்து விலக்கிவிட்டு, மண்டபத்து ஆட்களுக்குக் கையைக் காட்டினார். பெட்டி போய்விட்டது. அந்த அழுகை எனக்குள்ளேயே நின்றுவிட்டது. பிறகு அவரைக் கண்ட நேரமெல்லாம் தோளை ஒதுக்கிக்கொண்டுதான் நடந்தேன். அவருக்கு அது விளங்கியதோ தெரியாது. அன்றைக்கு முன்னும் பின்னும் எனக்கு அவர் வைத்திருந்த பெயர் ஒன்றுதான். ‘குணத்தின்ர மனிசி.’ நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள், அவரை மட்டும் குறை சொல்லவில்லை.

கப்பல் பயணம் அவர் கொண்டுவந்த எண்ணம். தென் தீவில், குயின்ஸ்டவுனில், பெரிய ஏரி ஒன்றைக் கடக்கிற பழைய கப்பல், இன்னும் கரி போட்டுத்தான் ஓடுகிறது என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு கூட்டத்தில் வேறு கதை இல்லை.

“கரி இஞ்சின், விளங்குதோ? இந்த உலகத்தில இன்னும் மனிசர் கரி அள்ளிப் போட்டு ஓட்டுற கப்பல். சாக முதல் பாக்கோணும்.”

“மாஸ்டர், கரியைப் பாக்கப் பிளேன் ஏறிப் போறதோ?” என்று பொன்னம்பலம் அண்ணை கேட்டார். “வீட்டில என்ர மனிசியின்ர சட்டியைக் காட்டுறன், வாங்கோ.”

எல்லோரும் சிரித்தோம். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் போனோம். எனக்கு மகள் தர்ஷி ரிக்கற் எடுத்துத் தந்தாள். அவள் ஓக்லாந்தின் மறுபக்கம், மாசி என்ற இடத்தில் இருக்கிறாள். “அம்மா, ஜஸ்ட் கோ. வீட்டில தனிய இருந்து என்ன செய்யப் போறீங்க?” என்றாள். பிளாட் புஷ்ஷிலிருந்து வருகிற மலேசியா மேரி அக்காவுக்கும் எனக்கும் ஒரே அறை தந்தார்கள். அவ கலியாணம் செய்யாதவ. தனி ஆட்கள் இரண்டு பேரையும் ஓர் அறைக்குள் தள்ளியாயிற்று என்று நான் சொன்னதற்கு, “குறட்டை விட்டா தலகாணியாலயே அடிப்பேன் லா, இப்பவே சொல்லிட்டேன்” என்றா.

கப்பல் வடிவான கப்பல்தான், அதைப் பொய் சொல்லமாட்டேன். வெள்ளை உடம்பு, சிவப்புப் புகைபோக்கி, அதிலிருந்து கறுப்புப் புகை. ஏரியைச் சுற்றி மலை, மலைத் தலையில் பனி. கப்பலின் நடுவில் ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் கீழே இஞ்சின் தெரியும். இரும்புத் தண்டுகள் ஏறி இறங்கும். அதற்கு அங்கால் இரண்டு பேர் சவளால் கரி அள்ளி நெருப்புக்குள் எறிவார்கள். கதவு திறக்கும்போது முகத்தில் சூடு அடிக்கும். நம் ஆட்கள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வடைப் பையைத் திறக்க உள்ளே போய்விட்டார்கள். மாஸ்டர் மட்டும் போகிற வழி முழுக்க அந்தக் கம்பியை விடவில்லை. வெள்ளைச் சேட்டில் கரித்தூள் விழுந்ததைக்கூடத் தட்டவில்லை. “இந்த மணம்” என்றார், பக்கத்தில் நின்ற என்னிடம். “நான் இதை விட்டு எத்தினை காலம்.” நான் மற்றப் பக்கம் போனேன்.

அக்கரையில் ஒரு ஆட்டுப் பண்ணை இருக்கிறது. தேத்தண்ணீர் தந்தார்கள், நாய் ஆடுகளை மறித்துச் சாய்ப்பதைக் காட்டினார்கள். அது முடிய நான் கட்டடத்துக்குப் பின்னால் போய், தண்ணீர் ஓரமாக ஒரு கல்லில் இருந்தேன். ஏன் என்று நீங்கள் பிறகு பல தரம் கேட்டீர்கள். குணம் உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டு இருந்தேன். ஒரு மனுசி அதற்காகச் சற்று நேரம் தனியாக இருக்கக் கூடாதா? கப்பல் கூவியது. எழும்பி ஓடினேன். நான் வளைவைத் தாண்டி வரும்போது ஏறுகிற பலகையை இழுத்துவிட்டார்கள். “அண்ணை! அண்ணை!” என்று கத்தினேன். கப்பல் இன்னொரு தரம் கூவியது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மேல் தட்டில் உங்களில் ஒருவரும் இல்லை. குளிருக்கு உள்ளே போயிருந்தீர்கள். நான் அந்தக் கரையில் நின்று, நீங்கள் எல்லோரும் போவதைப் பார்த்தேன்.

பண்ணையில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெண் போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டாள். யாரோடு வந்தாய் என்று கேட்டாள், குடும்பமா என்று கேட்டாள். “நோ ஃபமிலி. குறூப்” என்றேன். என் வாயாலேயே சொன்னேன் பாருங்கள். அடுத்த கப்பல் வரும், அதில் போகலாம் என்று விளங்கப்படுத்தினாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். யாரும் வரப்போவதில்லை என்றுதான் நினைத்தேன்.

உங்களுக்கு நான் இல்லை என்பது எப்படித் தெரிந்தது என்பதை மேரி அக்கா எனக்குச் சொன்னா. முழங்கால் வருத்தத்தால் அவ முதலே ஏறிவிட்டா. மாஸ்டர் வாசலில் நின்று எண்ணும்போது அவவின் பெயர் வரவேயில்லை. கப்பல் நடு ஏரிக்கு வந்த பிறகுதான் அவவுக்கு யோசனை ஓடியிருக்கிறது. “மாஸ்டர், என்னை நீங்க கூப்பிடவே இல்லியே. அப்போ தவத்தயும் கூப்பிடலயா?” அதற்கு வத்சலா, “அவ இஞ்சதான் எங்கயோ நிப்பா” என்றாவாம். வத்சலா, சிவகுரு அண்ணையின் மனைவியாகிய உங்களைத்தான் சொல்கிறேன். இதை நீங்களும் வாசிப்பீர்கள். வாசியுங்கள்.

கப்பல் திரும்ப வந்தபோது முதலில் இறங்கியது மாஸ்டர். தனியாக. ஜக்கெற்றைப் பஸ்ஸில் விட்டுவிட்டு, அந்தக் கரி பட்ட சேட்டோடு வந்தார். கிட்ட வந்து நின்று கேட்டாரே ஒரு கேள்வி.

“என்ன, கப்பலைத் தவற விட்டிட்டீரோ?”

“நான் விடேல்லை. நீங்கள் என்னை விட்டிட்டுப் போனியள்.”

“கூவினது கேக்கேல்லையோ?”

“கேட்டது. ஓடி வந்தனான். பலகையை இழுத்துப் போட்டினம். ஏத்தியாச்சு எண்டு ஆர் கை காட்டினது?”

“நான்தான். எண்ணிப்போட்டுத்தான் காட்டினனான்.”

“எப்பிடி எண்ணினியள்? இப்ப எனக்கு எண்ணிக் காட்டுங்கோ.”

மனிதர் விரலை மடக்கத் தொடங்கினார். “சிவகுரு குடும்பம். பொன்னம்பலம் குடும்பம். இராசையா குடும்பம்…” ஒவ்வொரு வீட்டு ஆம்பிளையின் பெயரையும் கூப்பிடுவார், அந்த ஆம்பிளை ‘ஓம், எல்லாரும் வந்தாச்சு’ என்பார். அவ்வளவுதான் அவருடைய எண்ணிக்கை. நம் ஆட்கள் கலியாண வீட்டுக்குச் சொல்வதும் அப்படித்தான், செத்த வீட்டுக்குச் சொல்வதும் அப்படித்தான். ஒரு விரலில் வந்து நின்றுவிட்டார்.

“குணம் குடும்பம் எண்டு ஏன் சொல்லேல்லை?”

“குணம் இல்லைத்தானே” என்றார். யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

“குணம் செத்த அண்டைக்கு நானும் செத்திட்டனோ? அப்ப ரெண்டு பேரையும் ஒண்டா எரிச்சிருக்கலாமே, அண்ணை. உங்களுக்கு நேரமும் மிச்சம்.”

பண்ணைப் பெண்ணுக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் சண்டை விளங்கியிருக்கும். போர்வையை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டாள்.

திரும்பி வரும்போது அவருக்கு உடம்பு நடுங்கியது. என்னிடம் தடித்த சால்வை இருந்தது. கொடுக்கவில்லை. அவர் போய் அந்தத் திறப்புக்கு மேலே, சூடு வருகிற இடத்தில் நின்றார். எனக்கும் குளிர். வேறு இடம் இல்லாமல் நானும் அங்கே போய் நின்றேன். கப்பலில் பியானோ வாசிக்கிற மனுசி எங்களைப் பார்த்து, எத்தனை காலம் ஒன்றாக வாழ்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். “நோ ஹஸ்பண்ட்! ஸ்ரேசன் மாஸ்டர்!” என்று கத்தினேன். அவள் ஒன்றும் விளங்காமல் போய்விட்டாள். மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

கீழே நெருப்புக் கதவு திறந்தது. சவள் போட்ட ஆள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தான்.

“நான் வேலை செய்த காலத்தில ஒரு சனத்தையும் பிளாட்போமில விட்டதில்லை” என்றார் மாஸ்டர், நெருப்பைப் பார்த்தபடி.

“அப்ப நான்தான் முதல் ஆள். மாலை போடுவியளோ?”

“ஒருக்கா என்ன நடந்ததெண்டா, தங்கச்சி…”

“கதை வேண்டாம்.”

நிறுத்திவிட்டார். அந்தக் கதை என்ன என்று நான் பிறகும் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை. மகனைக் கேட்டேன், அவருக்கும் தெரியாதாம்.

பஸ்ஸுக்குள் நீங்கள் எல்லோரும் விறைத்துப்போய் இருந்தீர்கள். நான் ஏறியதும் வத்சலா சொன்னா, “கொஞ்சம் பாத்து நடக்கக் கூடாதோ, தவம்? எங்களுக்கும் வயசு போனதுதானே. சாப்பாடும் ஆறிப் போச்சு.” ஒருவர்கூட அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. நான் பின்னால் போய் மேரி அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மாஸ்டர் ஏறினார். இருக்கவில்லை. சாரதிக்குக் கையைக் காட்டி மறித்துவிட்டு, வாசலில் நின்று கூப்பிடத் தொடங்கினார்.

“சிவகுரு.”

“ஓம், எல்லாரும் இருக்கிறம்.”

“எல்லாரையும் கேக்கேல்லை. சிவகுரு?”

“இருக்கிறன்.”

“வத்சலா?”

“இதென்ன, என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுறியள்?” என்றா வத்சலா.

“இருக்கிறீரோ இல்லையோ?”

“தெரியுதுதானே! இருக்கிறன்.”

பொன்னம்பலம் அண்ணையின் மனைவியிடம் வந்ததும் மாஸ்டர் தடுமாறிவிட்டார். அந்த மனுசியின் கையால் எத்தனை தரம் சாப்பிட்டவர். பெயர் தெரியவில்லை. “பிள்ளை, உம்மட பேர் என்ன?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். அவ வெட்கப்பட்டு, “இவரைக் கேளுங்கோ” என்றா. “நீர் சொல்லும்” என்றார். “கமலாம்பிகை” என்றா. “அட, முழுப்பேரை நானே மறந்துபோனன்” என்றார் பொன்னம்பலம் அண்ணை. பஸ் முழுக்கச் சிரிப்பு. மாஸ்டர் சிரிக்கவில்லை. இன்னும் பல பெண்களின் பெயரை அவர் கேட்டுத்தான் கூப்பிட்டார். நேரமெண்டா நேரம் என்றவர், அன்றைக்கு அந்தக் குளிருக்குள் பஸ்ஸைப் பிடித்து வைத்திருந்தார். கடைசியில், “மேரி” என்றார். “இருக்கேன் லா” என்றா. பிறகு, “தவமலர்” என்றார்.

நான் வாய் திறக்கவில்லை.

“தவமலர்.”

என்னைப் பார்த்துக்கொண்டுதான் கூப்பிட்டார். சாரதி ஹோர்னை அடித்தான். வத்சலா பல்லைக் கடித்தா. மாஸ்டர் அசையவில்லை. நான் பதில் சொல்லாவிட்டால் விடியும்வரை அப்படியே நின்றிருப்பார், அப்படிப் பிடிவாதக்காரர். “இருக்கிறன்” என்றேன். நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று உங்களில் சிலர் பிறகு சொன்னீர்கள். எனக்குப் பசித்தது, அதனால் பதில் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் படுக்கையில் விழும்வரைக்கும் எந்தப் பயணத்திலும் அப்படித்தான் கூப்பிட்டார். இது பள்ளிக்கூடமோ என்று முணுமுணுத்தீர்கள். மாஸ்டருக்குத் தலை தட்டிப்போச்சு என்றும் சொன்னீர்கள். அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியாக ஆசுப்பத்திரியில் அவரைப் பார்க்க இடியப்பமும் சொதியும் கொண்டுபோனேன். வாய்க்குப் பிடிக்கவில்லை, உப்புக் குறைவு என்றார்.

“உங்களுக்கு உப்புச் சேர்க்கக் கூடாதெண்டு மருமகள் சொன்னவ.”

“அவவும் நான் ஸ்ரேசனை வைச்சிருந்த மாதிரித்தான் என்னை வைச்சிருக்கிறா, எல்லாம் சட்டம்.”

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “அண்ணை, அண்டைக்கு அந்தக் கரையில விட்டிட்டுப் போனதுக்கு நீங்கள் இண்டைவரைக்கும் ஒரு மன்னிப்புக் கேக்கேல்லை. இப்பவாவது கேளுங்கோ.”

கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரை என்று நினைத்தேன். “கேட்டால் நீர் சண்டை பிடிக்க வரமாட்டீர்” என்றார். “இஞ்ச வாறவை எல்லாரும் மெல்லமாக் கதைக்கினம். பயமா இருக்கு.” நான் சொதிப் பாத்திரத்தை டக்கென்று மூடிவைத்துவிட்டு, அவர் காதில் விழ ஏசினேன். தாதி வந்து என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனாள். அவர் சிரித்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவேயில்லை.

செத்த வீட்டில் பூப்போடுகிற நேரம் சிவகுரு அண்ணை மைக்கைப் பிடித்தார். “பொன்னம்பலம் குடும்பம், வாங்கோ. இராசையா குடும்பம், வாங்கோ.” மாஸ்டர் முன்னுக்குப் பெட்டியில் கிடக்கிறார், நீங்கள் பழையபடி குடும்பம் குடும்பமாக எழும்பிப் போகிறீர்கள். எல்லாம் முடிந்து மைக்கையும் நிற்பாட்டிவிட்டார்கள். மேரி அக்கா என் காதுக்குள், “நம்மள கூப்பிட மாட்டாங்க போல. வீட்டுக்குப் போவோமா?” என்றா.

நான் எழும்பினேன். “தவமலர்” என்று மண்டபம் கேட்கச் சொன்னேன். “மேரி” என்றும் சொன்னேன். திரும்பிப் பார்த்தீர்கள். “இஞ்சயுமோ?” என்றா வத்சலா. ஓம், இங்கேயும்தான். மேரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவால் நடந்து போனேன். என் அழுகை அங்கேதான் வந்தது. வேண்டிய அளவுக்கு நின்று அழுதேன். நேரம் என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, அந்தக் கணக்கு எங்கள் இரண்டு பேருக்கும் உரியது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான், அது அவர் பஸ் வாசலில் நின்று செய்த வேலை. சிவகுரு அண்ணை, அடுத்த பயணத்துக்கு அந்த வாசலில் நிற்கப்போவது நான். உங்களைக் கேட்கவில்லை, சொல்கிறேன். ஆம்பிளைகள் வீட்டுக்காகப் பதில் சொல்லக் கூடாது. பெண்கள் பெயரைச் சொன்னால் வெட்கப்படாதீர்கள். வத்சலா, உங்களையும் கூப்பிடுவேன், வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள். தலையை ஆட்டினால் எண்ணமாட்டேன்.